8 மணி நேர கார் பயணத்தில் பூனையை எப்படிக் கூட்டிப் போவது?

மீசைக்காரி:

இன்னும் 3 வாரத்தில் வீடு மாறுகிறோம். தூரம் சுமார் 480 கி.மீ. இடையில் நிறுத்துவதையும் சேர்த்தால் 8 மணி நேரம் பிடிக்கும். பூனை 4 வயது ஆண், கருத்தடை ஆனது, எடை 5.2 கிலோ. வீட்டுக்குள்ளேயே வளர்ந்தது. மருத்துவரிடம் போகும் 20 நிமிடத்துக்கே அடித்தொண்டையில் கத்தும், எச்சில் ஒழுகும், இருமுறை வாந்தியும் எடுத்திருக்கிறது.

இப்போது கையில் இருப்பது துணிப்பை மாதிரியான கேரியர், 43 × 25 × 25 செ.மீ. கார் செடான். பின்சீட்டில் பூனைக்குத் துணையாக ஒருவர் உட்கார்ந்து வருவார்.

கேரியரை எங்கே வைப்பது? சாப்பாடு, தண்ணீர், மணல் தட்டு எல்லாம் எப்படிச் சமாளிப்பது? தூங்குவதற்கு மருந்து கொடுக்கலாமா? வேறு எதையாவது யோசிக்காமல் விட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள்.


சாம்பல்வால்:

முதல் வேலையாக அந்தப் பையை மாற்றுங்கள். 5 கிலோவுக்கு மேல் உள்ள பூனைக்கு 25 செ.மீ. உயரம் போதாது, முதுகை நிமிர்த்தக்கூட முடியாது. மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்து 10 செ.மீ. கூட்டினால் கேரியரின் நீளம் கிடைக்கும். உயரத்துக்கு, நிற்கும்போது தரையிலிருந்து தலை உச்சி வரை அளந்து கொஞ்சம் கூட்டுங்கள். உள்ளே எழுந்து நிற்க வேண்டும், ஒரு சுற்றுத் திரும்ப வேண்டும், கால் மடக்கிப் படுக்க வேண்டும். அவ்வளவு இடம் போதும். தாராளமாக இருக்கட்டும் என்று நாய்க்கூண்டு வாங்கிவிடாதீர்கள். பிரேக் அடிக்கும்போதெல்லாம் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு உருளும். பயந்த பூனை இடுக்கைத்தான் தேடும், உடம்பு சுவரில் உரசினால்தான் அதற்கு நிம்மதி.

கெட்டி பிளாஸ்டிக்கில், மேல்பாதி தனியாகக் கழலும் வகையாக வாங்குங்கள். துணியில் வாந்தியும் சிறுநீரும் ஊறிவிட்டால் வழியில் ஒன்றும் செய்ய முடியாது. பிளாஸ்டிக்கைத் துடைத்துவிடலாம். துணிப்பையில் இன்னொரு தொல்லை ஜிப். மூக்கை விட்டு நெம்பினால் மெல்ல மெல்லத் திறந்துகொள்ளும். இரண்டு ஜிப் முனைகளையும் சேர்த்து ஒரு சின்னக் கொக்கி போட்டால்தான் நம்பலாம். பிளாஸ்டிக் கேரியரிலும் சோதனை உண்டு: கம்பிக் கதவின் மேல் ஊசி, கீழ் ஊசி இரண்டும் துளையில் முழுதாக இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள், பிறகு உள்ளேயிருந்து முஷ்டியால் ஓங்கித் தள்ளிப் பாருங்கள். பக்கவாட்டு மறைகளையும் ஒரு முறை முறுக்கிவிடுங்கள். தூக்கும்போது கைப்பிடியை மட்டும் நம்ப வேண்டாம், அடியில் ஒரு கை கொடுங்கள். மேல்பாதியும் கீழ்பாதியும் பிரிவது பெரும்பாலும் படியில் இறங்கும்போதுதான்.

அடியில் வழுக்காத ரப்பர் பாய், அதன்மேல் ஈரம் உறிஞ்சும் பேட் 2 அடுக்கு, அதற்கும் மேல் பூனை ஏற்கெனவே படுத்துப் பழகிய துண்டு. துவைத்த துண்டு வேண்டாம், அதன் வாசனைதான் இங்கே வேலை செய்கிறது. வழியில் நனைந்தால் மேல் அடுக்கை மட்டும் உருவிவிட்டால் போதும்.

அடுத்தது பயிற்சி. இதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கேரியர் பரணில் கிடக்கும், ஊசி போடும் நாளன்று மட்டும் கீழே வரும். அதைக் கண்டதும் பூனை கட்டிலடிக்கு ஓடாமல் என்ன செய்யும்? 2018-இல் வெளியான ஓர் ஆய்வில் 22 பூனைகளில் பாதிக்கு 6 வாரத்தில் 28 அமர்வுகளாக கேரியர் பயிற்சி கொடுத்தார்கள். கார் பயணத்தில் அந்தப் பூனைகள் மற்றவற்றைவிடக் குறைவாகவே பதறின. உங்களுக்கு இருப்பது அதில் பாதி நாள். முழுப் பலன் கிடைக்காது, ஆனாலும் இன்றே தொடங்கினால் கணிசமாக மாறும்.

முதல் 4 நாள் மேல்பாதியைக் கழற்றிவிட்டு, அடிப்பாதியை மட்டும் பூனை வழக்கமாகப் படுக்கும் இடத்தில் வையுங்கள். சாப்பாட்டுக் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்து நாளுக்கு நாள் உள்ளே நகர்த்துங்கள். அது தயங்காமல் உள்ளே நின்று சாப்பிடத் தொடங்கியதும் மேல்பாதியை மாட்டுங்கள், கதவு இன்னும் வேண்டாம். 9-ஆம் நாள் வாக்கில் கதவைப் போட்டு, சாப்பிடும்போது 5 விநாடி மூடித் திறங்கள். பிறகு 30 விநாடி, 2 நிமிடம், 5 நிமிடம். அதன்பிறகு மூடிய கேரியரைத் தூக்கி அறைக்குள் நடங்கள். 2 வாரம் முடியும்போது காரில் வைத்து, இன்ஜின் போடாமல் 5 நிமிடம். மறுநாள் இன்ஜினை ஓடவிட்டு 5 நிமிடம். அதற்கடுத்த நாள் தெருமுனை வரை. கடைசி வாரத்தில் இரண்டு மூன்று தடவை 15 நிமிட ஓட்டம். ஒவ்வொன்றும் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அதற்கு மிகவும் பிடித்த தின்பண்டம்.

ஒரு படியில் பூனை பின்வாங்கினால் முந்தின படிக்கே திரும்பிவிடுங்கள். உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினால் அதுவரை செய்த வேலை அத்தனையும் வீண்.


நெடுஞ்சாலை:

சீட்டில் வைத்து, கேரியர் கைப்பிடி வழியாக சீட் பெல்ட்டைப் போட்டு இறுக்கிவிட்டால் போதும். பக்கத்தில் ஆள் இருக்கிறார் அல்லவா, ரொம்பக் கத்தினால் வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொள்ளலாம்.


அச்சாணி:

நெடுஞ்சாலை சொன்ன இரண்டையும் நான் மறுக்க வேண்டியிருக்கிறது.

மடி விஷயம் முதலில். ஓடும் காரில் பூனை வெளியே இருக்கவே கூடாது. பயந்த பூனை ஒளிய இடம் தேடி முன்னே போகும். ஓட்டுநரின் காலடி இருட்டான இடுக்கு, பிரேக் பெடலுக்குப் பின்னால் போய்ச் சுருண்டுகொள்ளும். ஒரு கண்ணாடி 10 செ.மீ. இறங்கியிருந்தாலே தலை நுழையும், தலை நுழைந்த இடத்தில் உடம்பும் நுழையும். 5.2 கிலோ பூனையை மடியில் வைத்திருக்கும்போது 50 கி.மீ. வேகத்தில் கார் எதிலாவது மோதினால், பூனைக்கு அது ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்த மாதிரி. எந்தக் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது.

சீட் பெல்ட் விஷயத்தில் பெரும்பாலான கேரியர்கள் மோதலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. மோதும் கணத்தில் பெல்ட் சட்டென்று இறுகும், மெல்லிய பிளாஸ்டிக்கோ துணியோ நடுவில் நசுங்கும், அல்லது கைப்பிடி பிய்த்துக்கொண்டு கேரியர் பறக்கும். கேரியர்களை மோதவிட்டுச் சோதிக்கும் அமெரிக்காவின் சென்டர் ஃபார் பெட் சேஃப்டி அமைப்பும் இதைத்தான் சொல்கிறது: மோதல் சோதனையில் தேறிய கேரியர் என்றால் தயாரிப்பாளர் சொன்ன முறையில் சீட்டில் கட்டுங்கள், இல்லையென்றால் சின்ன கேரியரை முன்சீட்டுக்குப் பின்னால் தரையில் வையுங்கள்.

தரையில் வைக்க இப்படிச் செய்யுங்கள். ஓட்டுநர் அல்லாத பக்கத்து முன்சீட்டை முன்னே தள்ளுங்கள். கேரியரை அதன் பின்னால் கால் வைக்கும் இடத்தில் இறக்குங்கள், நீளவாட்டம் காரின் அகலத்தோடு போகட்டும். பிறகு முன்சீட்டைப் பின்னே கொண்டுவந்து கேரியர் அசையாமல், ஆனால் நசுங்காமல் இருக்கும் அளவில் நிறுத்துங்கள். நடுவில் மேடு இருக்கும் கார்களில் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். தாழ்ந்த பக்கத்தில் மடித்த துண்டு வைத்துச் சமமாக்குங்கள். சரிந்த தரையில் 8 மணி நேரம் கால் ஊன்றி நிற்பதே பூனைக்குப் பெரிய பாடு. கேரியர் வாங்கும் முன் இந்த இடத்தை டேப் வைத்து அளந்துவிடுங்கள். சின்னக் கார்களில் அகலம் போதாமல் போகலாம்.

பலர் கவனிக்காத ஒன்று: நிறைய கார்களில் பின்வரிசைக்கான ஹீட்டர் காற்று முன்சீட்டின் அடியிலிருந்துதான் வரும். குளிரில் ஹீட்டர் போட்டால் அது நேராகக் கேரியருக்குள் அடிக்கும். கையை வைத்துப் பாருங்கள், சூடு பட்டால் காற்றை முகப்புக்கு மட்டும் திருப்பிவிடுங்கள்.

முன்சீட்டில் வேண்டவே வேண்டாம், ஏர்பேக் இருக்கிறது. செடானின் டிக்கி காற்றோட்டமில்லாத பெட்டி, அங்கேயும் கூடாது. கதவில் ஸ்பீக்கர் இருந்தால் கேரியரின் கதவுப்பக்கம் அதை நோக்கி இருக்க வேண்டாம். மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும், பூனைக்கு அதற்கு இரு மடங்குக்கும் மேலே கேட்கும். காரில் தொங்கும் வாசனைப் பொருளைக் கிளம்புவதற்குச் சில நாள் முன்பே கழற்றிவிடுங்கள். எலுமிச்சை, டீ ட்ரீ, யூகலிப்டஸ் போன்ற எண்ணெய்களின் சேர்மங்களைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு. வயிறு ஏற்கெனவே புரட்டும்போது அந்த நெடி வாந்தியைத்தான் வரவழைக்கும்.

கேரியரின் மூன்று பக்கத்தை மெல்லிய துணியால் மூடி, கதவுப் பக்கத்தை மட்டும் துணி போடாமல் விடுங்கள். ஓடும் மரங்களும் எதிர்வரும் விளக்குகளும் கண்ணில் படாவிட்டால் குமட்டல் குறையும்.


மருந்துச்சீட்டு:

எச்சில் ஒழுகுவது, உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, அடிக்கடி விழுங்குவது, பிறகு வாந்தி. இது பயணக் குமட்டல். அடித்தொண்டைக் கத்தல் பயம். உங்கள் பூனைக்கு இரண்டும் இருக்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு, ஒன்றுக்கான மருந்து மற்றதைத் தீர்க்காது. மருத்துவரிடம் போகும்போது இரண்டையும் தனித்தனியாகச் சொல்லுங்கள்.

குமட்டலுக்குப் பூனைகளில் அதிகம் எழுதப்படுவது மாரோபிடன்ட். வழக்கமான அளவு கிலோவுக்கு 1 மி.கி., ஒரு வேளை கொடுத்தால் சுமார் ஒரு நாள் தாங்கும். இது தூக்க மருந்து அல்ல, பயத்தைக் குறைக்காது.

பயத்துக்கு கபாபென்டின். ஆரோக்கியமான, வளர்ந்த பூனைக்கு 50 முதல் 100 மி.கி. வரை, கிளம்புவதற்கு 2 மணி நேரம் முன்பு என்று எழுதுவார்கள். காப்ஸ்யூலைப் பிரித்து ஈர உணவில் கலக்கலாம். கசப்பு நாக்கில் பட்டால் வாயில் நுரை தள்ளும், பயப்பட வேண்டாம். பிரெகாபலின் வாய்வழித் திரவம் பூனைகளின் பயணப் பயத்துக்கென்றே வந்த மருந்து, கிலோவுக்கு 5 மி.கி., ஒன்றரை மணி நேரம் முன்பு. எது கிடைக்கும், எது உங்கள் பூனைக்குப் பொருந்தும் என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் இரண்டின் அளவையும் குறைக்க வேண்டியிருக்கும் என்பதால், அண்மையில் ரத்தப் பரிசோதனை செய்யாவிட்டால் அதையும் கேளுங்கள்.

மனிதர்களுக்கான கபாபென்டின் திரவத்தை எடுத்து ஊற்ற வேண்டாம். சிலவற்றில் சைலிட்டால் இனிப்பு இருக்கும், விலங்குகளுக்கு அது தேவையில்லாத ஆபத்து.

எந்த மருந்தானாலும் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு வீட்டில் ஒரு முறை கொடுத்துப் பாருங்கள். நடை தள்ளாடுகிறதா, எத்தனை மணி நேரம் மந்தமாக இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கபாபென்டின் வேலை செய்யும்போது பூனை அலமாரியில் ஏறினால் தவறி விழும், அன்று உயரமான இடங்களை மூடி வையுங்கள். அரிதாகச் சில பூனைகள் மந்தமாவதற்குப் பதில் இன்னும் பரபரக்கும். அது நெடுஞ்சாலை நடுவில் தெரியவருவதைவிட வீட்டுக் கூடத்தில் தெரிவது நல்லது.

"தூங்குவதற்கு" என்று கேட்டிருக்கிறீர்கள். தூங்க வைக்க வேண்டாம், பயத்தைக் குறைத்தால் போதும். அசிப்ரோமசின் என்ற மந்தப்படுத்தும் மருந்தைத் தனியாகக் கொடுக்கும் பழைய வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அது உடம்பைக் கட்டிப்போடும், உள்ளே பயம் அப்படியே இருக்கும். ரத்த அழுத்தத்தைக் குறைக்கும், உடல் வெப்பத்தைச் சீராக வைக்கும் திறனையும் கெடுக்கும். சூடான காரில் அது நல்ல கூட்டணி அல்ல. வீட்டு மருந்துப் பெட்டியிலிருந்து எதையும் எடுக்காதீர்கள். பாராசிட்டமால் 500 மி.கி. மாத்திரை ஒன்றே பூனையைக் கொல்லப் போதும்.

ஃபெலிவே போன்ற முக ஃபெரமோன் ஸ்ப்ரே (பூனை முகத்தைத் தேய்த்து விடும் வாசனைப் பொருளைப் போலச் செய்தது) பாதிப்பில்லாதது. பலன் பூனைக்குப் பூனை வேறுபடும். கேரியரின் மூலைகளிலும் துண்டிலுமாக 8 முதல் 10 முறை அடித்து, 15 நிமிடம் காயவிட்டுப் பிறகு பூனையை உள்ளே விடுங்கள். காய்வதற்குள் விட்டால் ஆல்கஹால் நெடி மூக்கில் ஏறி, கேரியர்மேல் புதிதாக ஒரு வெறுப்பு வரும். 4, 5 மணி நேரம் தாங்கும், ஆகவே பாதி வழியில் வேறொரு துண்டில் அடித்துக் காயவைத்து மாற்றுங்கள். பூனை உள்ளே இருக்கும்போது மட்டும் அடிக்காதீர்கள்.

சாப்பாடு: கிளம்புவதற்கு 4 மணி நேரம் முன்பு வழக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதன்பிறகு ஒன்றும் வேண்டாம். மருந்துக்காக ஒரு கரண்டி ஈர உணவு மட்டும் விதிவிலக்கு. தண்ணீரைத் தடுக்காதீர்கள். குட்டிகளையும் இன்சுலின் போடும் பூனைகளையும் இப்படிப் பட்டினி போடக் கூடாது, அவற்றுக்குக் கணக்கு வேறு.


மீசைக்காரி:

ரொம்ப நன்றி. அளந்து பார்த்தேன். மூக்கிலிருந்து வால் தொடக்கம் வரை 45 செ.மீ. முன்சீட்டை முழுதும் தள்ளினால் பின்னால் 36 செ.மீ. கிடைக்கிறது. 55 × 35 × 34 செ.மீ. கேரியர் பார்த்திருக்கிறேன்.

மணல் தட்டு பற்றி மட்டும் இன்னும் குழப்பம். 8 மணி நேரம் அடக்கிக்கொண்டு இருக்குமா? ஹார்னஸ் (உடம்பைச் சுற்றிக் கட்டும் பட்டை) போட்டுச் சாலையோரம் புல்லில் இறக்கினால் போகாதா?


அச்சாணி:

அகலம் 35, இடம் 36 என்றால் சரியாக இருக்கும். ஆனால் தரைமட்டத்தில் அளந்தீர்களா, சீட்டின் விளிம்பு மட்டத்திலா? பின்சீட்டின் முன்விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். 34 செ.மீ. உயரத்தில் அளந்து பாருங்கள். அங்கே 33 இருந்தால் கேரியர் இறங்காது.


மணல்மேடு:

புல்லில் இறக்க வேண்டாம். வீட்டுப் பூனைக்குத் திறந்தவெளி, லாரிச் சத்தம், அந்நிய வாசனை மூன்றும் ஒன்றாக வந்தால் சிறுநீர் போகாது, ஓடத்தான் பார்க்கும். பூனை ஹார்னஸிலிருந்து கழலுவது முன்பக்கமாக அல்ல, பின்பக்கமாக. கயிறு இழுபட்டதும் தலையைத் தாழ்த்தி, தோளைச் சுருக்கி, பின்னோக்கி நழுவும். ஒரு விரல் மட்டும் நுழையும் அளவுக்கு இறுக்கினாலும் சில பூனைகள் கழன்றுவிடும். ஹார்னஸைக் கூடுதல் பாதுகாப்பாக மட்டும் பாருங்கள், அதுவும் முன்கூட்டிப் போட்டுப் பழக்கியிருந்தால். கேரியருக்குள் கயிற்றை மாட்டி விடாதீர்கள், கழுத்திலோ காலிலோ சுற்றிக்கொள்ளும்.

ஆரோக்கியமான வளர்ந்த பூனை 8 மணி நேரம் அடக்குவது பெரிய விஷயமில்லை, வீட்டில் இரவு முழுக்க அதைத்தான் செய்கிறது. ஓடும் காரில் மணல் தட்டு வைத்தாலும் பெரும்பாலான பூனைகள் அதைத் தொடாது. ஆனாலும் வாய்ப்புக் கொடுங்கள். 3 மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்தி, இன்ஜினையும் ஏசியையும் ஓடவிட்டு, எல்லாக் கண்ணாடியும் ஏறியிருக்கிறதா, எல்லாக் கதவும் பூட்டியிருக்கிறதா என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லி உறுதி செய்த பிறகே கேரியரைத் திறக்க வேண்டும். யாராவது கீழே இறங்க வேண்டுமென்றால் முதலில் பூனை கேரியருக்குள் போக வேண்டும். பூனைகள் காணாமல் போவது இந்த இடத்தில்தான். டீ வாங்கப் போனவர் கதவைத் திறக்கும் அந்த ஒரு நொடி.

தட்டுக்கு 30 × 40 செ.மீ. அலுமினியத் தட்டு போதும். உள்ளே 3 செ.மீ. மணல். வீட்டில் ஏற்கெனவே பயன்படுத்திய மணலில் ஒரு கைப்பிடி கலந்துவிடுங்கள், அதன் வாசனை இருந்தால்தான் இது தன் இடம் என்று புரியும். பின்சீட்டில் தட்டை வைத்துத் துணையாள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு 10, 15 நிமிடம் இருக்கட்டும். பூனை கேரியரைவிட்டு வராவிட்டால் இழுக்காதீர்கள், மூடிவிட்டுக் கிளம்புங்கள்.

தண்ணீரும் அப்போதுதான். ஓடும்போது கிண்ணம் வைத்தால் கேரியர் நனையும், ஈரத்தில் படுத்த பூனை இன்னும் பதறும். குடிக்காவிட்டாலும் 8 மணி நேரத்தில் ஆபத்தில்லை. போய்ச் சேர்ந்ததும் ஈர உணவில் 2 மேசைக்கரண்டி வெந்நீர் கலந்து கொடுத்தால் ஈடாகிவிடும்.

கேரியரில் சிறுநீர் போய்விட்டால்: பேட்டை மாற்றுங்கள், வாசனையில்லாத ஈரத் துடைப்பான் கொண்டு பிளாஸ்டிக்கைத் துடையுங்கள், அழுக்கானதை ஜிப் பையில் போட்டு மூடுங்கள். கார் சீட்டில் பட்டால் நொதி கலந்த கிளீனர். அம்மோனியா கலந்தது வேண்டாம், பூனைக்கு அதுவும் சிறுநீர் வாசனைதான், அதே இடத்தில் மறுபடி போகும்.

ஆண் பூனை என்பதால் ஓர் எச்சரிக்கை. பதற்றத்தால் சிறுநீர்ப்பை வீங்குவதும், குறுகிய சிறுநீர்க் குழாய் அடைத்துக்கொள்வதும் கருத்தடை ஆன ஆண் பூனைகளில் அதிகம். சும்மா அடக்கி வைப்பதற்கும் அடைப்புக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும். அடைப்பு இருந்தால் தட்டில் அடிக்கடி போய் உட்காரும், முக்கும், ஒரு சொட்டு வரும் அல்லது வராது, குறியை நக்கிக்கொண்டே இருக்கும், வலியில் கத்தும். அதைக் கண்டால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், ஒரு நாளுக்குள் உயிருக்கே ஆபத்தாகலாம். முக்கல் எதுவும் இல்லாமல் 24 மணி நேரம் போகவே இல்லை என்றாலும் மருத்துவரைப் பாருங்கள். போகும் ஊரில் இரவிலும் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை எது என்று கிளம்பும் முன்பே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.


அச்சாணி:

வெப்பம் பற்றி யாரும் சொல்லவில்லை. 2005-இல் ஒரு மருத்துவ ஆய்வு நிறுத்தி வைத்த காரின் உள்வெப்பத்தை அளந்தது. வெளியே 22 முதல் 36 டிகிரி செல்சியஸ் வரை இருந்த நாட்களில், எந்த வெப்பத்தில் தொடங்கினாலும் ஒரு மணி நேரத்தில் உள்ளே சராசரியாக 22 டிகிரி ஏறியது. அந்த ஏற்றத்தில் 80 சதவீதம் முதல் அரை மணி நேரத்திலேயே நடந்துவிட்டது. கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வைத்தது ஏற்றத்தைத் தடுக்கவில்லை. ஆகவே "நிழலில்தானே நிற்கிறது" என்ற பேச்சே வேண்டாம். இரண்டு பேர் போகிறீர்கள், சாப்பிட மாறி மாறிப் போங்கள்.

ஓடும்போது ஏசியை 22 முதல் 24 டிகிரிக்குள் வையுங்கள். முன்னால் குளிர்ந்தாலும் தரையில் மூடிய கேரியருக்குள் அதே குளிர் இருக்காது, துணையாள் அவ்வப்போது கையை நுழைத்துப் பார்க்க வேண்டும். நாய் வாய் திறந்து மூச்சிரைப்பது சாதாரணம், பூனை அப்படிச் செய்தால் சாதாரணம் அல்ல. பயத்தில் ஓரிரு நிமிடம் இரைத்துவிட்டு நின்றால் துணியை விலக்கிக் காற்று விடுங்கள். நிற்காமல் தொடர்ந்தால், நாக்கு கடுஞ்சிவப்பானால், தள்ளாடினால் வெப்பத் தாக்கு. குளிர்ந்த தண்ணீரால் (பனிக்கட்டி வேண்டாம்) வயிறு, தொடை, பாதங்களை நனைத்து ஏசிக் காற்றைக் காட்டியபடியே மருத்துவமனைக்கு ஓட்டுங்கள். பெர்ஷியன் மாதிரி மூக்கு சப்பையான பூனைகள் இதில் இன்னும் சீக்கிரம் விழும்.


நெடுஞ்சாலை:

பெல்ட் பற்றித் திருத்தியதற்கு நன்றி, அச்சாணி. ஒரு சந்தேகம். கத்தினால் என்னதான் செய்வது? 8 மணி நேரமும் கத்திக்கொண்டே வந்தால் ஓட்டுபவருக்குத் தலை வெடித்துவிடுமே.


சாம்பல்வால்:

பெரும்பாலான பூனைகள் முதல் 20, 30 நிமிடம் கத்திவிட்டு அடங்கும். சாலை சீராகி வேகம் மாறாமல் ஓடும்போது அடங்குவது அதிகம். அதனால் ஓட்டுபவர் கையில்தான் பாதி மருந்து: மெதுவாக வேகமெடுப்பது, தூரத்திலிருந்தே பிரேக்கைத் தொடுவது, வளைவில் நிதானம். கத்தும்போதெல்லாம் வண்டியை நிறுத்தினால் கத்தினால் நிற்கும் என்று அது கற்றுக்கொள்ளும். பேசலாம், குரலை உயர்த்தாமல். கம்பிக்குள் விரலை விட்டுக் கொஞ்ச வேண்டாம், பயத்தில் கடிக்கும். சத்தம் திடீரென்று மாறினால் மட்டும் பாருங்கள். உயர்ந்த குரல் தாழ்ந்து, இடைவெளி விட்டு உறுமல் மாதிரி வந்தால் அடுத்தது வாந்தியாக இருக்கலாம். முகம் பேட்டில் புதையாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

கிளம்பும் நாளுக்கு வருவோம். வீடு காலி செய்யும் நாள் என்றால் கதவுகள் திறந்தே கிடக்கும். முந்தின இரவே பூனையைக் கேரியர், மணல் தட்டோடு ஒரு சின்ன அறையில் விட்டு, கதவில் "பூனை இருக்கிறது, திறக்காதீர்கள்" என்று ஒட்டிவிடுங்கள். கட்டில், பீரோ இல்லாத அறையாக இருந்தால் நல்லது. பயிற்சியை மீறி அன்று முரண்டு பிடித்தால், கேரியரைக் கதவு மேலே பார்க்கும்படி நிமிர்த்தி வைத்து, பூனையைத் துண்டில் சுற்றி, பின்னங்கால் முதலில் இறங்கும்படி விடுங்கள். தலை முதலில் என்றால் நான்கு காலையும் விரித்து விளிம்பில் ஊன்றிக்கொள்ளும், இரண்டு பேர் சேர்ந்தாலும் உள்ளே போகாது. இதெல்லாம் அறைக்குள்ளேயே முடிய வேண்டும், கார் நிற்கும் இடத்தில் அல்ல.

தோலுக்கடியில் போட்ட மைக்ரோசிப் இருந்தால் அதன் 15 இலக்க எண்ணுக்கு எதிரே பதிவாகியிருப்பது இப்போதைய தொலைபேசி எண்தானா என்று பாருங்கள். சிப் பூனை எங்கே இருக்கிறது என்று காட்டாது. யாராவது கண்டெடுத்து ஸ்கேனர் வைத்தால்தான் எண் தெரியும், அந்த எண் பழையது என்றால் சிப் இருந்தும் பயனில்லை. இழுத்தால் தானே கழலும் வகைக் கழுத்துப்பட்டையில் எண்ணை எழுதி மாட்டுங்கள். தெளிவான படம் 2 கைபேசியில் இருக்கட்டும், ஒன்று முகம், ஒன்று பக்கவாட்டு உடல். நாட்டு எல்லை தாண்டுபவர்களுக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி விதிகள் தனி. பல நாடுகள் சிப் போட்ட பிறகு போட்ட ஊசியைத்தான் கணக்கில் எடுக்கும், முதல் ஊசிக்குப் பிறகு 21 நாள் காத்திருக்கவும் சொல்லும். உங்கள் 3 வாரம் அதற்கு மயிரிழையில்தான் போதும்.

புது வீட்டில் முதலில் ஒரே ஓர் அறை. ஜன்னல் வலை, கழிவறை ஜன்னல், அலமாரிக்குப் பின்னால் இருக்கும் இடைவெளி எல்லாவற்றையும் பூனை கேரியரில் இருக்கும்போதே பார்த்து அடையுங்கள். மணல் தட்டு ஒரு மூலை, சாப்பாடும் தண்ணீரும் எதிர்மூலை, கேரியர் கதவு திறந்தபடி நடுவில். வெளியே வர 10 நிமிடமும் ஆகலாம், ஒரு முழு இரவும் ஆகலாம். முதல் நாள் சாப்பாட்டைத் தொடாவிட்டால் பரவாயில்லை. ஆனால் 24 மணி நேரம் தாண்டியும் ஒன்றும் சாப்பிடவில்லை என்றால் மருத்துவருக்குப் போன் செய்யுங்கள், 2 நாள் வரை தள்ளாதீர்கள். பூனை பல நாள் பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்துவிடும், பருமனான பூனைகளுக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம்.

கேரியரை மட்டும் உடனே கழுவிப் பரணில் ஏற்றிவிடாதீர்கள். புது வீட்டில் பழைய வீட்டின் வாசனை இருக்கும் ஒரே சாமான் அதுதான். வாந்தி பட்ட பேட்டை மட்டும் மாற்றிவிட்டு, துண்டை அப்படியே விட்டு, குறைந்தது 2 வாரம் அந்த அறையிலேயே கிடக்கட்டும்.